இருக்கிறீர்களா, தங்கியிருக்கிறீர்களா?

வீட்டில் உட்கார்ந்தபடியே கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகள் வந்ததால் கிராமங்களுக்கு மறுவாழ்வு வந்துவிட்டது என்று எழுதாத பத்திரிகை இல்லை. வயலோரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் கணினி வைத்திருக்கும் படம் ஒன்றும் தவறாமல் கூடவே வரும். கயிற்றுக் கட்டிலில் அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று படம் எடுத்தவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. போகட்டும். ராயப்பன்பட்டியில் பதினைந்து வருஷமாகக் குடியிருப்பவன் என்ற முறையில், இந்த மறுவாழ்வுக் கதைக்கு ஒரு மறுப்பு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் வெளியூர்க்காரன்தான். பிறந்தது, பிரெஞ்சில் படித்தது, அரசாங்கக் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியது எல்லாம் புதுச்சேரியில். பணி ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊருக்கு வந்தேன். எழுபது தாண்டிய பிறகும் இங்கே எனக்குப் பெயர் "பாண்டிச்சேரி மாப்பிள்ளை". எனக்கு வரும் ஓய்வூதியம் இந்த ஊர் மண்ணில் விளைந்ததல்ல. ஆகையால் வெளியிலிருந்து சம்பளம் வாங்குகிறவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. அது என் நோக்கமும் இல்லை. ஓரிடத்தில் பிழைப்பு, இன்னோரிடத்தில் குடித்தனம் என்பது நமக்குப் புதிதா என்ன?

புதுச்சேரிக்காரர்களுக்கு "சொல்தா" என்றால் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் மூன்று சொல்தா வீடுகள் இருந்தன. பென்ஷன் பிராங்கில் வரும். மாதக் கடைசியில் எங்கள் அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதச் சொல்லும்போது சொல்தா வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தல் வந்தால் அவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தூதரகத்தின் ஏற்பாட்டில் ஓட்டுப் போடப் போவார்கள். எங்கள் முனிசிபாலிட்டித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டில்லை. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்பதில் அவர்களுக்கு ஆர்வமும் இல்லை.

ஆனால் சொல்தா ஒன்றைத் தெளிவாகச் செய்திருந்தார். 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசிப்பவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சு கிடையாது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அதனால் ஒரே வீட்டில் இரண்டு தேசம். அவரவர் எந்தப் பக்கம் என்பது தாளில் இருந்தது, கையெழுத்தோடு. சொல்தா எங்கள் ஊரில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர். அவரும் அதை மறைக்கவில்லை, நாங்களும் அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது உதாரணத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கை விட்டுப் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் பக்கம் போய்ப் பாருங்கள். பெண்கள் தூக்குச்சட்டியும் பழைய முழுக்கைச் சட்டையுமாக நிற்பார்கள். ஜீப்பு வரும். எட்டுப் பேர் ஏற வேண்டியதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் எண்ணிச் சொன்னால் போக்குவரத்துத் துறைக்குக் கோபம் வரும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய இறங்குகிறார்கள். வேலை கேரளாவில், குடி தமிழ்நாட்டில். "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்ற பேச்சு பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே சம்பாத்தியத்தையும் வீட்டையும் இரண்டு மாநிலங்களில் வைத்துப் பிழைத்தவர்கள் இவர்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது தோட்டங்களில் தங்கியிருந்த நம் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சோதனைச்சாவடிகள் மூடியபோது அந்த வீடுகளில் கூலி நின்றது. அதே மாதத்தில்தான் மடிக்கணினியோடு முதல் பையன் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கினான். அவனுக்குச் சம்பளம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நிற்காதது நல்லதுதான், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் பத்திரிகைகள் படம் எடுத்தது அவனை.

அந்த ஏலத்தோட்டத்துப் பெண்மணி வீட்டுவரி கட்டுகிறார். குடிநீர்க் கட்டணம் கட்டுகிறார். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளை படிப்பது இங்கே. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டால், இந்த மாதம் பாதி அடுத்த மாதம் பாதி என்றாவது கொடுத்துவிடுகிறார். கூலி எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அவர் இந்த ஊரில் இருக்கிறார்.

இப்போது நம் மடிக்கணினிப் பிள்ளைகளுக்கு வருவோம். நல்ல பிள்ளைகள். மரியாதை தெரிந்தவர்கள். என்னை "அங்கிள்" என்பார்கள். ஊர் வழக்கப்படி "ஐயா" என்று கூப்பிடு தம்பி என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். சண்முகாநதி அணை நிரம்பினால் போய்ப் படம் எடுப்பார்கள். பன்னீர் திராட்சையைக் கொடியோடு பிடித்துக்கொண்டு இன்னொரு படம். "இங்க லைஃப் ரொம்ப பீஸ்ஃபுல்லா இருக்கு அங்கிள், செலவும் கம்மி" என்பார்கள். யாருக்குக் கம்மி? என் மைத்துனர் வீட்டுக்கு எதிர்வீடு நாலாயிரம் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டட வேலை செய்யும் குடும்பம் இருந்தது. இப்போது ஒன்பதாயிரம், ஒரு பொறியாளர், தனி ஆள். பழைய குடும்பம் தேனிச் சாலையில் எங்கோ தகரக் கூரைக்குப் போய்விட்டது. அந்த வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடம் மாறினாள். அந்தப் பையனுக்கு ஒன்பதாயிரம் சல்லிசு. சென்னையில் முப்பது கொடுத்தவன் அல்லவா?

குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் சரி, தொழில் வரி கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். நம் மாநிலத்தில் தொழில் வரி உள்ளாட்சிக்குச் சேரும் பணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய சம்பளமானாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது என்று அரசியல் சட்டம் 276-ஆம் பிரிவில் வரம்பு கட்டியிருக்கிறது. 1988 திருத்தத்துக்கு முன்னால் அது 250 ரூபாய். கம்பெனி இந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடித்து, அலுவலகம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் உள்ளாட்சிக்குக் கட்டிவிடுகிறது. அலுவலகம் சென்னையில் என்றால் மாநகராட்சிக்கு. பெங்களூரில் என்றால் அது கர்நாடக அரசுக்கே போகும். ஆக, பையன் வேலை பார்ப்பது எங்கள் தெருவில். குளிப்பது எங்கள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில். அவன் ஆர்டர் செய்து வாங்கும் பொருள்களின் அட்டைப்பெட்டிகளைக் குவித்து எடுத்துப் போவது எங்கள் தூய்மைக் காவலர். தொழில் வரி மட்டும் அவன் எட்டிப் பார்க்காத ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கும் ஊருக்கு. பத்துப் பேர் என்றால் 25,000 ரூபாய். மாநகராட்சிக்கு அது தூசு. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு அதில் எத்தனை தெருவிளக்கு மாற்றலாம் என்று யாராவது கேட்டதுண்டா? சட்டத்தை எழுதினவர்கள், வேலை பார்க்கும் இடமும் அலுவலகம் இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதினார்கள். உலகம் மாறிவிட்டது, ரசீது மாறவில்லை. இதை மாற்றச் சொல்லி அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது மனு போட்டால் நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

வரியாவது அவர்கள் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டு? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொண்டு வந்தார்கள் அல்லவா, அப்போது எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன்.

"தம்பி, உன் படிவம் வந்துதா?"

"அது சென்னை அட்ரஸ்ல அங்கிள். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிகிட்ட கொடுத்திருப்பாங்க."

"நீ இங்கே வந்து எத்தனை வருஷம்?"

"நாலு ஆகப்போகுது."

நாலு வருஷம்! 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமோ? ஒரு தொகுதியில் வீடு வைத்திருக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை அங்கே சாதாரணமாகக் குடியிருப்பவர் என்று கொள்ளக்கூடாது. சொத்து பெரிதல்ல, வசிப்புதான் பெரிது என்று எழுதி வைத்துவிட்டார்கள். இவனோ வசிப்பது ஓரிடம், வாக்காளன் இன்னோரிடம். அவன் பேர் இருக்கும் ஊரில் அவன் இல்லை. அவன் இருக்கும் ஊரில் அவன் பேர் இல்லை. சொல்தாவாவது தூதரக ஏற்பாட்டில் போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார். இவன் அங்கேயும் போவதில்லை, ரயில் டிக்கெட் கிடைக்கவில்லையாம். போடியிலிருந்து சென்னைக்கு 2023-இலிருந்து ரயில் ஓடுகிறது.

"என்னை ரெண்டு வருஷத்துல கூப்பிட்டாலும் கூப்பிட்டுருவாங்க அங்கிள், அதுக்குள்ள எதுக்கு மாத்தணும்" என்பது இவர்களில் எல்லோரும் சொல்லும் பதில். அரசாங்க வேலையில் இருந்தவனிடம் இதைச் சொல்லலாமா? புதுச்சேரி அரசு என்றால் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் சேர்த்துத்தான். காரைக்காலில் மூன்று வருஷம் இருந்தேன். எந்த உத்தரவிலும் இத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்காது. போன முதல் வாரம் ரேஷன் கார்டு மாற்றம், பிறகு வாக்காளர் பட்டியல், பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நாளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரும் பெட்டியைப் பிரிக்காமல் இருந்ததில்லை. இந்த லட்சணத்தில் அந்தக் காலத்தில் முகவரி மாற்ற நாலு மேஜை ஏறி இறங்க வேண்டும், அதில் ஒரு மேஜைக்குப் பின்னால் நானே உட்கார்ந்திருப்பேன்! இன்று கைபேசியில் படிவம் 8. ஒரு சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிற நேரம்.

வெளிநாட்டில் இவர்களுக்கென்றே விசா கொடுக்கிறார்கள். எஸ்தோனியா 2020-இல் தொடங்கியது, போர்ச்சுகல் 2022-இல். போர்ச்சுகலில் அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நாலு மடங்கு வருமானம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்நியனை அவர்கள் கேள்வி கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ராயப்பன்பட்டிக்கு வர ஒரு சூட்கேசும் இணைய இணைப்பும் போதும். நாம் எதையும் கேட்பதில்லை. கேட்காதது பெருந்தன்மை என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஜோஹோ நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் போட்டது. ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு வந்து அங்கேயே குடியேறினார். அவருடைய மற்றக் கருத்துகளில் உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு வேறுபாடும் இருக்கலாம். ஆனால் அங்கே நடந்தது, வேலையையே கிராமத்துக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு, கீழ்வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரியாமல் நாலு வருஷம் ஓட்டுவது வேறு. அவர் செய்ததை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வெளியிலிருந்து வந்தவனை இந்தப் பள்ளத்தாக்கு ஒதுக்கியதில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். நம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்றுதான் அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். படிக்கும்போது, நான் படித்த பிரெஞ்சு இந்த ஊரில் ஓரிடத்திலாவது உபயோகமாக இருந்திருக்கிறதே என்று ஒரு அற்ப சந்தோஷம். வந்தவர் ஜெபம் செய்தார், பிரசங்கம் செய்தார். அதோடு மண்ணில் ஒன்றை நட்டும் வைத்தார். பென்னிகுவிக் கதையைத் தேனி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1895-இல் திறந்த அணையின் தண்ணீரில் இன்றைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஜனவரி 15-இல் அந்த வெள்ளைக்காரரின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அவர் எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்டோமா? எல்லோரும் அணை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிராம சபைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும்.

கிராம சபை என்றதும் கொட்டாவி வருகிறதா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். 2019 கடைசியில் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத நேரத்தில் வாய் திறந்து கேட்க மிச்சமிருப்பது அந்த ஆறு நாள்தான். வரவு செலவு வாசிப்பார்கள். அதை வாசிக்கும் வேகம் இருக்கிறதே, ரயில் நிலைய அறிவிப்பு தோற்றுப்போகும். எங்களைப்போன்ற கிழவர்கள் பாதி காதில் விழாமல் உட்கார்ந்திருப்போம். தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போனால் கஷ்டம், வர மாட்டார்கள். அங்கே வேண்டியது, விரிதாளில் கூட்டல் போடத் தெரிந்த, "மோட்டார் பழுதுக்கு இந்த வருஷம் மூன்றாவது தடவை பணம் எடுத்திருக்கிறீர்களே" என்று கேட்கத் தெரிந்த, எந்த உள்ளூர்ப் பெரிய மனிதருக்கும் கடன்படாத ஒரு ஆள். அப்படிப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர் அந்த நேரத்தில் மாடியறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை நாளாம்.

ஊர்க்காரர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. வாடகையை இரண்டு மடங்காக்கியது அந்தப் பையன் இல்லை, நீங்கள். "ஐ.டி.க்காரன் கொடுப்பான்" என்று பால், காய்கறியிலிருந்து ஆட்டோ வரைக்கும் தனி விலை வைத்தது நீங்கள். திருவிழாவுக்கு அவனிடம் தலைக்கட்டு வரி கேட்காமல் "நன்கொடை" என்று ஐயாயிரம் வாங்கிக்கொள்கிறீர்கள். அவனுக்கு அது பெருமையாக இருக்கிறது. நீங்கள் அவனைத் தலைக்கட்டில் சேர்க்கவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. தலைக்கட்டு வரி கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு. நன்கொடை கொடுத்தவனுக்கு ஒலிபெருக்கியில் பெயர் மட்டும்தான். பேசாமல் பணம் கொடுக்கிற ஆள் உங்களுக்கு வசதி, கேட்காமல் குடியிருக்கிற ஊர் அவனுக்கு வசதி. நடுவில் நஷ்டப்பட்டது தகரக் கூரைக்குப் போன அந்தக் குடும்பம்.

அதனால் இந்த வருஷம் பங்குப் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். பனிமய மாதா திருவிழா ஆகஸ்டில் வருகிறது. தெருவாரியாகத் தலைக்கட்டு எழுதும்போது வாடகைக் குடித்தனங்களையும் எழுதுங்கள், மற்ற வீட்டுக்கு எவ்வளவோ அவர்களுக்கும் அவ்வளவே வாங்குங்கள், ஒரு ரூபாய் கூடுதலாக வேண்டாம். மதம் வேறு என்று கொடுக்க விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். அவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது, அது எல்லோருக்கும் பொது. பார்ப்போம் என்றார்கள். நாற்பது வருஷம் நானும் பலரிடம் பார்ப்போம் என்று சொன்னவன்தான், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மறுபடி போய்க் கேட்பேன்.

பிள்ளைகளிடமும் ஒரே வார்த்தை. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் படிவம் 8-ஐப் போட்டுவிடுங்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் மறுத்தால் என்னிடம் வாருங்கள், நான் கூட வந்து பேசுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.